ஜப்திக்கு முந்தைய வாரங்கள்: மதுரை வட்டாரத்தில் விவசாயக் கடனும் வழக்கறிஞரும்

1. கேள்வி

கடனில் விழுந்த விவசாயிக்கு வேண்டியது மழையும் விலையும்தான், வக்கீல் எதற்கு என்ற எண்ணம் நம் ஊர்ப்புறங்களில் ஆழ வேரூன்றியிருக்கிறது. அதற்கு நியாயமும் உண்டு. வழக்கு என்றால் வாய்தா; வாய்தா என்றால் பஸ் காசு, ஒரு நாள் வேலை இழப்பு, குமாஸ்தாவுக்குப் படி. விவசாய சங்கங்களின் கோரிக்கைகளிலும் கடன் தள்ளுபடி, கொள்முதல் விலை, கால்வாய்த் தண்ணீர் ஆகியவைதான் முன்வரிசையில் நிற்கின்றன. சட்ட எழுத்தின் பக்கம் போனால் நிறுவனங்களின் நொடிப்பைப் பற்றி 2016இன் நொடிப்புச் சட்டத்துக்குப் பிறகு நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஐந்து ஏக்கர்காரர் நொடித்துப்போனால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அங்கே அதிகம் இடமில்லை.

மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான், உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர் என்று மதுரையைச் சுற்றி விரியும் சமவெளியில், கடனைக் கட்ட முடியாத நிலைக்கு வந்துவிட்ட விவசாயிக்கு அனுபவமுள்ள உள்ளூர் வழக்கறிஞரால் எதையாவது மாற்றித் தர முடியுமா? முடியுமென்றால் எந்தக் கட்டத்தில்? இதுவே இக்கட்டுரையின் கேள்வி. சட்டத்தில் விவசாயிக்கு இருக்கும் காப்புகள் பலர் நினைப்பதைவிட அதிகம் என்றும், அவற்றில் பெரும்பாலானவை குறித்த நாளுக்குள் உரிய மன்றத்தில் கேட்டு, மெய்ப்பித்துப் பெற வேண்டியவை என்றும் நான் கருதுகிறேன். ஆகவே வழக்கறிஞரின் பயன் நோட்டீஸ் வந்த முதல் சில வாரங்களில்தான் பெரிது. நம் மக்கள் அவரைத் தேடிப் போவதோ ஜப்தி நாளில்.

இந்தச் சிக்கலின் ஒரு வேர் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. விவசாயக் கடன் நிவாரணம் மாநிலப் பட்டியலின் 30ஆவது பொருள். நொடிப்பும் திவாலும் பொதுப் பட்டியலின் 9ஆவது பொருள். விவசாயியின் வீட்டில் ஒரே துயரமாக இருப்பது சட்டப் புத்தகத்தில் இரண்டு அலமாரிகளில் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பழகிய வழக்கறிஞர்கள் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2. 1938இன் பாடம்

முன்பு ஒருமுறை இந்த இரண்டும் நெருங்கி வந்தன. 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, வாங்கிய கடன் மட்டும் அப்படியே நின்றபோது, ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1க்கு முந்தைய கடன்களுக்கு 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் இருந்த வட்டி முழுவதையும் அது நீக்கியது. அசலும் வட்டியுமாக அசலைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாக அறிவித்தது.

பொதுவாக இச்சட்டம் அரசின் கருணை என்றோ, கடன் கொடுத்தவர் மீதான தாக்குதல் என்றோ வாசிக்கப்படுகிறது. அது நடைமுறைக்கு வந்த விதம் இன்னும் கவனிக்கத்தக்கது. கடன் பெரும்பாலும் ஒரே புரோநோட்டாக இருக்கவில்லை. மூன்றாண்டுக் காலவரம்பு முடியும் முன்பு, ஏறிய வட்டியை அசலோடு சேர்த்துப் புது நோட்டு எழுதி வாங்குவது வழக்கம். நான்கு தடவை புதுப்பித்த நோட்டில் எழுதியிருக்கும் அசல், முதலில் கைக்கு வந்த பணத்தைவிடப் பல மடங்கு பெருத்திருக்கும். சட்டம் முதல் கடனையே அசலாகக் கொள்ளச் சொன்னது. ஆனால் முதல் கடன் எது என்று நோட்டுகளின் வரிசையைப் பின்னோக்கித் தோண்டிக் காட்ட வேண்டியவர் கடனாளி. அந்த வேலையைச் செய்தவர்கள் மாவட்ட, முன்சீப் நீதிமன்ற வக்கீல்கள். ஏற்கெனவே ஆகிவிட்ட தீர்ப்பாணையைக்கூடக் குறைக்கச் சொல்லி மனுச் செய்யச் சட்டத்தின் 19ஆவது பிரிவு வழிவிட்டது. மனுச் செய்யாதவருக்குப் பழைய தீர்ப்பாணையே நின்றது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1950களிலும், 1970களின் நடுவிலிருந்து 1982 வரையிலும் தமிழ்நாட்டில் அடுத்தடுத்துக் கடன் நிவாரணச் சட்டங்கள் வந்தன. அவையும் இதே வார்ப்புதான். இன்று அந்த இடத்தைத் தள்ளுபடி அரசாணைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கேரளம் 2006இல் சட்டம் இயற்றி, விவசாயிகளின் கடனை வழக்கு வழக்காக விசாரிக்க ஓர் ஆணையம் அமைத்ததைப் போலத் தமிழ்நாடு செய்யவில்லை.

3. மஞ்சள் நோட்டீஸ்

நொடிப்பின் பக்கம் வருவோம். 2016இன் நொடிப்பு, திவால் சட்டத்தின் மூன்றாம் பகுதி தனிமனிதர்களுக்கானது. அது 2019 டிசம்பர் 1 முதல் நிறுவனக் கடனுக்குச் சொந்த ஜாமீன் கொடுத்தவர்களுக்கு மட்டும் நடைமுறைக்கு வந்தது, மற்றவர்களுக்கு வரவில்லை. எனவே மதுரை மாவட்டத்து விவசாயிக்கு இன்றும் பொருந்துவது 1920இன் மாகாண நொடிப்புச் சட்டம். ஊரில் இதற்கு ‘ஐ.பி. போடுவது’ என்றும் ‘மஞ்சள் நோட்டீஸ் கொடுப்பது’ என்றும் பெயர். ஏமாற்றுக்காரரின் புகலிடம் என்பதுதான் அதைப் பற்றிய பொது அபிப்பிராயம்.

அந்த அபிப்பிராயம் பாதி உண்மை. சட்டம் நேர்மையான கடனாளிக்கு உண்மையான காப்பு ஒன்றைத் தருகிறது. பணத் தீர்ப்பாணையை நிறைவேற்றுவதற்காகக் கைது செய்து கொண்டுவரப்படும் கடனாளியிடம், நீ நொடித்தவனாக அறிவிக்கக் கோரி மனுச் செய்யலாம் என்று நீதிமன்றமே தெரிவிக்க வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 55ஆவது பிரிவு இதைக் கட்டாயமாக்குகிறது. கட்ட இயலாமை மட்டுமே சிறைக்குக் காரணமாகாது, கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்று 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு விவசாயி குடியிருக்கும் வீட்டையும், பிழைப்புக்குத் தேவை என்று நீதிமன்றம் கருதும் ஏர்க்கருவி, மாடு, விதைத் தானியத்தையும் ஜப்தியிலிருந்து விலக்குகிறது. அப்படி விலக்கப்பட்டவை ஐ.பி.யிலும் நீதிமன்றம் அமர்த்தும் பொறுப்பாளர் கைக்குப் போவதில்லை.

இந்தக் காப்புக்குக் கொடுக்கும் விலையையும் பார்க்க வேண்டும். நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டதும் ஏனைய சொத்து முழுவதும் அவர் கையை விட்டுப் போகிறது. முந்தைய இரண்டு ஆண்டுகளில் மகளுக்கோ தம்பிக்கோ விலையின்றி எழுதிக் கொடுத்த நிலத்தை மீட்டெடுக்கச் சட்டம் வழிவிடுகிறது. உள்ளாட்சிப் பதவிக்குத் தகுதியிழப்பு உண்டு. முக்கியமாக, அடமானம் பிடித்திருப்பவரின் உரிமையை இது தொடுவதில்லை. நிலத்தை வங்கியில் ஈடு வைத்தவர் ஐ.பி. போட்டாலும் வங்கிக்கு நிலத்தின் மீதுள்ள பிடி அப்படியே இருக்கும். கடனின் பெரும்பகுதி நில ஈட்டிலும் நகை ஈட்டிலும் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு ஐ.பி. பெரும்பாலும் தவறான மருந்து. இதைச் சொல்லித் திருப்பி அனுப்பும் வழக்கறிஞரையே நான் அனுபவசாலி என்பேன். மனு எழுதிக் கொடுக்கப் பலரால் முடியும். எழுத வேண்டாம் என்று காரணத்தோடு சொல்லக் கைத்தேர்ச்சி வேண்டும்.

அமெரிக்காவில் 1980களின் பண்ணைக் கடன் நெருக்கடியின்போது, 1986இல், திவால் சட்டத்தில் 12ஆம் அத்தியாயம் என்று விவசாயக் குடும்பங்களுக்கெனத் தனி வழி சேர்க்கப்பட்டது; 2005இல் அது நிரந்தரமானது. நிலத்தைக் கையில் வைத்துக்கொண்டே மூன்று முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் கடனைச் சீரமைக்க அது இடம் தருகிறது. நம் 2016 சட்டத்தில் நடைமுறைக்கு வராமல் கிடக்கும் ‘புதுத் தொடக்க’ வழியையோ ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொத்து மதிப்பு 20,000 ரூபாய்க்குள், கடன் 35,000 ரூபாய்க்குள், சொந்த வீடு இல்லாதவர் என்ற வரம்புகளோடு எழுதியிருக்கிறார்கள். உசிலம்பட்டிப் பக்கம் அரை ஏக்கர் மானாவாரி வைத்திருப்பவர்கூட இதற்குள் நுழைய முடியாது. நிலம் உள்ளவரை நினைத்து எழுதப்பட்ட நொடிப்புச் சட்டம் நம்மிடம் இல்லை என்பதே இதன் பொருள்.

4. விவசாய நிலம் என்று யார் சொல்வது?

உள்ளூர் அறிவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் காட்ட மிகத் தெளிவான சான்று சர்ஃபாசி எனப்படும் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. நீதிமன்றம் போகாமலேயே ஈட்டுச் சொத்தைக் கைப்பற்றி ஏலம்விட வங்கிகளுக்கு அது அதிகாரம் தருகிறது. 31ஆவது பிரிவு விவசாய நிலத்தை அதிலிருந்து விலக்குகிறது. ‘விவசாய நிலத்தை வங்கி தொட முடியாது’ என்று டீக்கடை வரை பரவியிருக்கும் நம்பிக்கை இங்கிருந்து வந்தது. அது இரண்டு விதத்தில் பிழை. முதலாவது, விலக்கு இருந்தாலும் வங்கி நீதிமன்றத்தின் வழியாகவோ கடன் வசூல் தீர்ப்பாயத்தின் வழியாகவோ வரலாம். அடைபடுவது குறுக்கு வழி மட்டுமே. இரண்டாவது, நிலம் விவசாய நிலம்தானா என்பது மெய்ப்பிக்க வேண்டிய செய்தி. வருவாய்ப் பதிவேட்டின் வகைப்பாடு மட்டும் முடிவானதல்ல, எல்லாச் சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று தமிழ்நாட்டிலிருந்து போன இந்தியன் வங்கியின் வழக்கொன்றில் 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உண்மையில் பயிர்செய்யப்படும் நிலம் என்று காட்டும் சுமை கடனாளியுடையது என்பது 2023 ஜனவரித் தீர்ப்பொன்றில் உறுதியானது.

இந்தச் சுமையை மதுரைச் சமவெளியில் வைத்துப் பார்ப்போம். பெரியாறு–வைகைப் பாசனத்தில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம். அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம், அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் பெரும்பகுதி மானாவாரி. கால்வாயில் தண்ணீர் திறக்காத ஆண்டுகளில் கடைமடை நிலம் சும்மா கிடக்கும். இரண்டு மூன்று ஆண்டு கிடந்தால் சீமைக்கருவேலம் மண்டிவிடும். கிராம நிர்வாக அலுவலர் பசலிதோறும் (வருவாய்க் கணக்கு ஆண்டுதோறும்) எழுதும் அடங்கலில் அந்த நிலத்துக்கு நேரே ‘தரிசு’ என்று விழும். வங்கியின் மதிப்பீட்டாளர் அந்த நேரத்தில் வந்து எடுக்கும் புகைப்படத்தில் முள்காடும், நான்குவழிச் சாலையும், பக்கத்து மனையின் எல்லைக் கல்லும் தெரியும். விவசாய நிலம் அல்ல என்று வாதிட அதுவே போதுமானதாகத் தோன்றும்.

இதற்கு எதிர்வாதம் எங்கே கிடைக்கும் என்று உள்ளூரில் பழகிய வழக்கறிஞருக்குத் தெரியும். ஈடு எழுதிக் கொடுத்த ஆண்டின் பசலிக்கும், சுவாதீன நோட்டீஸ் வந்த ஆண்டின் பசலிக்கும் அடங்கல் நகல். இடைப்பட்ட ஆண்டுகளில் கால்வாயில் தண்ணீர் திறக்கப்பட்டதா இல்லையா என்ற விவரம். விவசாய மின் இணைப்பின் அட்டை. கூட்டுறவுச் சங்கத்தில் உரம் வாங்கிய ரசீது. பயிர்க் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டிய சீட்டு. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. அந்தப் பருவத்துத் தரிசை விளக்க அரசின் அறிவிப்பே சான்று. சென்னையிலோ மும்பையிலோ இருந்து வாதாடும் மூத்த வழக்கறிஞருக்குச் சட்டம் இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கலாம். கள்ளந்திரிக்குக் கீழே தண்ணீர் வராத ஆண்டு எது என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டும்.

கடன் எப்போது வாராக்கடன் ஆகிறது என்பதிலும் இதே நுட்பம் உண்டு. குறுகிய காலப் பயிர் என்றால் தவணை இரண்டு பயிர்ப் பருவங்கள் நிலுவையில் நின்ற பிறகுதான் அது வாராக்கடன் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பயிர் இழப்பு 33 சதவீதமோ அதற்கு மேலோ ஆனால் கடனைச் சீரமைத்து, அவகாசம் தரவும் ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இருக்கிறது. இரண்டும் நோட்டீசுக்குப் பதில் எழுதும்போதே எடுத்துவைக்க வேண்டிய வாதங்கள். 60 நாள் அவகாசம் தரும் முதல் நோட்டீசுக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்பினால் வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். பெரும்பாலோர் அந்த 60 நாளை மேனேஜரைப் போய்ப் பார்ப்பதிலேயே கழித்துவிடுகிறார்கள்.

சுவாதீனம் எடுத்த பின் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள். தீர்ப்பாயம் மதுரையிலேயே இருக்கிறது. 2004 ஜூலையில் உயர் நீதிமன்றக் கிளை திறக்கப்பட்டதிலிருந்து, எதற்கும் கிளைக்குப் போய் ரிட் போடலாம் என்ற மனப்பழக்கம் வந்திருக்கிறது. மாற்று வழி இருக்கும்போது இத்தகைய ரிட்டை உயர் நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று 2010இலேயே உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. ரிட் திரும்பி வருவதற்குள் 45 நாள் போய்விடும். தீர்ப்பாயத்தில் தோற்றால் மேல்முறையீடு சென்னையில்; அதற்குக் கடன் தொகையில் பாதியை முன்பணமாகக் கட்ட வேண்டும், குறைத்தாலும் கால் பங்குக்குக் கீழே வராது. விவசாயிக்கு முதல் மன்றமே கடைசி மன்றம் என்று எடுத்துக்கொண்டு வழக்கறிஞரைத் தேர்ந்தெடுப்பதுதான் நடைமுறை அறிவு.

5. கிரய ஒப்பந்தம் என்ற ஈடு

வங்கிக் கடனைவிடக் கொடியது தனியார் கடன். 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்தபோது அச்சட்டம் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதை நாடு பார்த்தது. சட்டம் காவல் நிலையப் புகாராக மட்டுமே புரிந்துகொள்ளப்பட்டதால் அதன் மற்றொரு வழி மறைந்துபோனது: அசலையும் நியாயமான வட்டியையும் நீதிமன்றத்தில் கட்டிவிட்டுப் பத்திரங்களைத் திரும்பக் கேட்கவும் அது இடம் தருகிறது.

இந்த வட்டாரத்தில் கடன் கொடுப்பவர் பலவேளை அடமானப் பத்திரம் கேட்பதில்லை. நிலத்துக்குக் கிரய ஒப்பந்தம் எழுதி ரிஜிஸ்தர் செய்யச் சொல்கிறார். கூடவே வெற்றுப் புரோநோட்டு, கையெழுத்திட்ட காசோலை. ஒப்பந்தத்தில் விலை ஒரு தொகையாகவும், முன்பணம் அதில் பெரும்பகுதியாகவும் இருக்கும். கைக்கு வந்தது அந்த முன்பணத்திலும் குறைவு. முதல் மாத வட்டி பிடித்தம் போயிருக்கும். மூன்று ஆண்டு முடியும் தறுவாயில் கிரயம் செய்து தரச் சொல்லி வழக்கு வரும். விவசாயி, ‘நான் விற்கவில்லையே, கடன்தானே வாங்கினேன்’ என்று நினைத்துச் சம்மனைப் பரணில் வைத்துவிடுவார். ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகும். அதை ரத்துசெய்யக் கோர 30 நாள்.

உரிய காலத்தில் ஆஜரானால் இந்த வழக்குக்கு வலுவான பதில் உண்டு. பத்திரம் எழுதியது எழுதியபடி நடப்பதற்கல்ல, கடனுக்கு ஈடாகத்தான் என்று வாய்மொழிச் சாட்சியத்தால் காட்டலாம் என்று 1982இல் கங்காபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. விலை அக்கம்பக்கத்துச் சந்தை மதிப்புக்குப் பொருந்தாதது, அதே நபர் அதே ஆண்டில் ஊரில் இன்னும் பலரிடம் இதேபோல் ஒப்பந்தம் எழுதி வாங்கியிருப்பது, நிலம் விவசாயியின் அனுபவத்திலேயே தொடர்ந்தது ஆகியவை அதற்கு ஆதாரம். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டு அந்தப் பெயர் எத்தனை சர்வே எண்களில் வருகிறது என்று தேடுவது உள்ளூர் வழக்கறிஞரின் வேலை. வாதம் வென்றாலும் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்கும், நிலம் தங்கும்.

6. தள்ளுபடி வழக்கும் ஆலை நொடிப்பும்

மதுரைக் கிளையின் விவசாயக் கடன் வழக்குகளில் மிகவும் பேசப்பட்டது அய்யாக்கண்ணு தலைமையிலான தேசிய தென்னிந்திய நதிகள் இணைப்பு விவசாயிகள் சங்கம் தொடுத்தது. அவரே வழக்கறிஞர். 2016இல் தமிழக அரசு கூட்டுறவுக் கடனை ஐந்து ஏக்கர் வரையுள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும் தள்ளுபடி செய்தது. சுமார் 5,780 கோடி ரூபாய். அதை எல்லா விவசாயிகளுக்கும் நீட்டிக்கும்படி 2017 ஏப்ரல் 4 அன்று கிளை உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021 நவம்பர் 23 அன்று, சிறு விவசாயிகளைத் தனிப் பிரிவாகக் கொண்டது செல்லும் என்று கூறி உத்தரவை ரத்துசெய்தது. இந்த வழக்கு தொடுத்தது வீண் என்று நான் சொல்லமாட்டேன். விவசாயக் கடனை நாடு தழுவிய விவாதமாக்கியதில் அதற்குப் பங்குண்டு. ஆனால் நான்கரை ஆண்டுகள் தள்ளுபடியை நம்பிப் பேச்சுவார்த்தைக்கும் போகாமல் இருந்தவர்களுக்கு வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. பொதுநல வழக்கும் தனி ஒருவரின் கடன் கணக்கும் வேறு வேறு என்பதை யாராவது அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

விவசாயி கடன்காரராக இல்லாமல் கடன் கொடுத்தவராக நிற்கும் இடமும் ஒன்று உண்டு. கரும்பு கொடுத்த ஆலை நொடித்துப்போனால் அவர் வரிசையில் பின்னால் நிற்கும் ஒரு கடனீந்தவர். 1966இன் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை 14 நாளில் பணம் தரச் சொல்கிறது. தவறினால் 15 சதவீத வட்டி. நொடிப்பு நடவடிக்கை தொடங்கிவிட்டால் தனி வசூல் நின்றுவிடும். பொது அறிவிப்பு வந்ததும் குறித்த நாளுக்குள் உரிமைக் கோரிக்கை தாக்கல் செய்ய வேண்டும்; நொடிப்பை விசாரிக்கும் மன்றம் சென்னையில். தஞ்சை மாவட்டம் திருமண்டங்குடியில் திரு ஆரூரான் ஆலை விவசாயிகள், தங்கள் பெயரில் ஆலை வங்கிக் கடன் வாங்கியது என்ற புகாரோடு 2022 நவம்பரிலிருந்து தொடர் போராட்டத்தில் இறங்கியது இந்த வழியின் குறைகளுக்குச் சான்று.

7. எந்த வழக்கறிஞர்?

உள்ளூர் வழக்கறிஞர் என்பதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. தாலுகா நீதிமன்றத்தில் பழகும் வழக்கறிஞர்கள் சிலரே. வங்கியின் பேனல் வழக்கறிஞராக அந்த நிலத்துக்குச் சட்டக் கருத்துக் கொடுத்தவர், வட்டிக்கு விடுபவரின் வழக்குகளை நடத்துபவர், விவசாயி தேடிப் போகும் மனிதர் ஆகிய மூவரும் ஒருவராகவே இருக்கக்கூடும். ஒரு விஷயத்தில் ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைக் கேட்டுவிடுவதில் கூச்சம் வேண்டாம். தீர்ப்பாய வழக்குக்கு மதுரையில் அங்கே தொடர்ந்து ஆஜராகும் ஒருவரும், ஆவணம் திரட்டத் தாலுகாவில் ஒருவரும் சேர்ந்து செய்வது பலவேளை நல்லது.

வழக்கறிஞர் விளம்பரம் செய்யக் கூடாது என்பதால் அனுபவத்தை அறிய வாய்மொழிதான் வழி. அந்த இடைவெளியில் தரகர்கள் புகுந்துகொள்கிறார்கள். ‘ஜெயித்தால் நிலத்தில் இத்தனை சென்ட்’ என்ற பேச்சு விதிப்படி தடைசெய்யப்பட்டது. அப்படிக் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2024 மே மாதத் தீர்ப்பின்படி வழக்கறிஞரின் சேவைக் குறைக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. பார் கவுன்சிலில்தான் புகார். எனவே தொடக்கத்திலேயே கவனம் தேவை: கட்டணத்துக்கு ரசீது, தாக்கல் செய்த ஒவ்வொன்றுக்கும் நகல், வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண். அந்த எண் இருந்தால் வாய்தா எப்போது, உத்தரவு என்ன என்று செல்போனிலேயே பார்க்கலாம். குமாஸ்தாவை நம்பி இருக்க வேண்டியதில்லை.

கட்டணம் கொடுக்க வழியில்லாதவருக்கு 1987இன் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். பட்டா கணவர் பெயரிலும் நகைக்கடன் மனைவி பெயரிலும் இருக்கும் வீடுகளில் இந்த விதிக்குப் பெரிய பொருள் உண்டு. ஆனால் ஆணைக்குழுவும் வங்கியும் விவசாயியும் சந்திக்கும் இடம் பெரும்பாலும் மக்கள் நீதிமன்றமாக இருக்கிறது. அங்கே ஆகும் சமரசத்துக்கு மேல்முறையீடு கிடையாது. கணக்கைச் சரிபார்க்காமல், சீரமைப்புக்குத் தகுதி இருந்ததா என்று பார்க்காமல், வட்டியில் கொஞ்சம் குறைத்தார்கள் என்ற நிம்மதியில் கையெழுத்துப் போட்டால் பிறகு திரும்ப முடியாது. சமரசத்துக்கு முன்பே, நோட்டீஸ் கட்டத்திலேயே, கடன் கணக்கையும் அடங்கலையும் அருகருகே வைத்துப் படிக்கத் தெரிந்த பேனல் வழக்கறிஞர்களை மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டக் குழுக்களில் அமர்த்துவதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. 1987இன் சட்டமே அதற்குப் போதும்.